கார்டு எண்ணும் ஓர் அமானத்தே!

இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர்ப் பகுதிகளில் கடைவீதிக்கு வராமலே வியாபாரம் நடத்தும் நம் சகோதரிகள் பலர் உளர். அபாயா, தொழுகை உடுப்பு, மசாலாத் தூள், ஊறுகாய் என வீட்டில் ஆயத்தமாகும் பொருள்கள் கைப்பேசி வழியே விலைபோகின்றன. அன்னை கதீஜா (ரலி) அவர்களின் வணிக மரபை நினைவூட்டும் இம்முயற்சி பாராட்டுக்குரியது. ஆயினும், முகம் காணாத வாடிக்கையாளரிடம் கார்டு மூலம் பணம் பெறுவதில் ஓர் ஆபத்து மறைந்திருக்கிறது. (கடன் அட்டை கூடுமா, கூடாதா என்பது தனி விவாதம். அதனை உலமாப் பெருமக்களிடம் விட்டுவிடுவோம்.)

திருடனுக்குக் கார்டே தேவையில்லை. அதன் எண், காலாவதித் தேதி, பின்புறத்திலுள்ள மூன்று இலக்க இரகசிய எண் ஆகியவை போதும். இதனைத் தடுக்கவே, இணையத்தில் கார்டு மூலம் பணம் செலுத்துவோருக்கு இரண்டாவது சோதனை ஒன்றை 2009 ஆகஸ்ட் 1 முதல் ரிசர்வ் வங்கி கட்டாயமாக்கியது. நமக்கு ஓ.டி.பி. வருவது அதனால்தான். ஆனால், வெளிநாட்டு வங்கிகள் வழங்கிய கார்டுகளை இவ்விதி கட்டுப்படுத்தாது. அவற்றுள் பலவற்றில் ஓ.டி.பி. இன்றியே பணம் வந்துவிடும். கடல் கடந்து வாழ்வோரிடம் ஆர்டர் பெறும் கடைகளுக்கு ஆபத்து இவ்வழியில்தான் நுழைகிறது.

முன்பின் அறியாத ஒருவர் 40,000 ரூபாய்க்கு அபாயாக்கள் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். விலை பேசவில்லை, அளவும் விசாரிக்கவில்லை. வெளிநாட்டுக் கார்டில் பணம் வருகிறது. சரக்கை உள்ளூர் முகவரி ஒன்றுக்கு இன்றே அனுப்புமாறு அவசரப்படுத்துகிறார். அனுப்பியும் விடுகிறோம். இரண்டு மாதம் கழித்து, கார்டுக்கு உண்மையில் உரியவர் தம் வங்கியில் முறையிடுகிறார். நம் கணக்கிலிருந்து அத்தொகை திரும்ப எடுக்கப்படுகிறது. இதற்குச் சார்ஜ்பேக் என்று பெயர். முறையிடப் பெரும்பாலும் 120 நாட்கள் வரை அவகாசம் உண்டு. சரக்கும் போய், பணமும் போய், கட்டணம் வேறு சுமக்க நேரிடும். பலருடைய முதலே அவ்வளவுதான்!

நம் பகுதித் துறைமுக வாயிலில் சுங்க அனுமதியின்றி ஒரு கண்டெய்னரும் வெளியேறுவதில்லை. அதே கண்டிப்பு நம் வீட்டு வாசலிலும் வேண்டும். ஒரே ஆர்டருக்குக் கார்டு மாற்றிக் கார்டு முயல்வது, பணம் செலுத்திய பின் முகவரியை மாற்றுவது ஆகியவற்றைக் கண்டால் பார்சலை நிறுத்தி விசாரியுங்கள். ஓ.டி.பி. போன்ற சோதனையைக் கடந்த வெளிநாட்டுக் கார்டுகளை மட்டும் ஏற்க இயலுமா என்று, உங்களுக்குப் பணம் பெற்றுத்தரும் பேமெண்ட் கேட்வே நிறுவனத்திடம் கேளுங்கள். அச்சோதனை நடந்திருந்தால், மோசடி இழப்பு பொதுவாகக் கார்டு வழங்கிய வங்கியையே சாரும். ‘தவறுதலாகக் கூடுதல் பணம் அனுப்பிவிட்டேன், மீதியை இந்த எண்ணுக்கு அனுப்புங்கள்’ என்று எவரேனும் கேட்டால் இணங்க வேண்டாம். பணம் எந்தக் கார்டிலிருந்து வந்ததோ, அதற்கே திரும்ப வேண்டும்.

இனி, மார்க்கக் கண்ணோட்டத்தில் இதனினும் முக்கியமான ஒன்று. தெரிந்த வாடிக்கையாளர்தானே என்று கார்டின் இருபுறத்தையும் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்வது பெரும் தவறு. அந்தப் படம் நம் கைப்பேசியில் தங்கிவிடுகிறது. பிள்ளைகள் கையில் புழங்கும் கைப்பேசி அது! ஹிஜ்ரத் புறப்பட்ட வேளையிலும், மக்காவாசிகள் தம்மிடம் ஒப்படைத்திருந்த அமானத்துகளை உரியவர்களிடம் சேர்ப்பிக்க அலீ (ரலி) அவர்களை நிறுத்திச் சென்றவர்கள் நம் பெருமானார் (ஸல்) அவர்கள். பிறர் கார்டு எண்ணும் அத்தகைய அமானத்தே. காக்க இயலாத அமானத்தை ஏற்காதிருப்பதே நேர்மை.

பெங்களூரின் ஜஸ்பே என்னும் பணப் பரிமாற்ற நிறுவனத்தில் 2020 ஆகஸ்டில் ஊடுருவல் நிகழ்ந்தது. சுமார் 3.5 கோடிக் கார்டுகளின், எண்கள் பகுதி மறைக்கப்பட்ட விவரங்கள் வெளியேறிய செய்தி 2021 ஜனவரியில்தான் வெளிவந்தது. பெரிய நிறுவனத்தின் நிலையே இதுவென்றால் நம் கைப்பேசி எம்மாத்திரம்? கார்டு வழங்கிய வங்கியும் கார்டு நிறுவனமும் தவிர வேறெவரும் முழு எண்ணைச் சேமிக்கலாகாது என்ற ரிசர்வ் வங்கியின் விதி 2022 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் உள்ளது. ஆகவே, கேட்வே நிறுவனத்தின் பணம் செலுத்தும் பக்கத்துக்கான இணைப்பை அனுப்புங்கள். எண்ணை வாடிக்கையாளரே அதில் பதியட்டும். அது நம் கைக்கு வரவே வேண்டாம்.

கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கச் சொல்கிறது அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம். திருமறையின் மிக நீண்ட வசனம் அதுவே. ஆர்டர் விவரம், உரையாடல், கூரியர் ரசீது, பெற்றுக்கொண்டவரின் கையொப்பம் ஆகியவற்றை ஆறு மாதமேனும் பாதுகாத்து வையுங்கள். சார்ஜ்பேக் வந்தால் குறித்த கெடுவுக்குள் இவற்றைக் கொண்டே மறுப்புத் தெரிவிக்க முடியும். மோசடி என்று தெரிந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழைத்து, வங்கிக்கும் எழுத்து மூலம் தெரிவியுங்கள்.