பல்லும் படிப்பும் – 4: மெழுகில் ஒரு கோரைப்பல்

கலந்தாய்வு முடிந்து, சான்றிதழ்க் கட்டோடு கல்லூரி அலுவலகத்தின் முன் நிற்கிற மாணவனைச் சென்ற வாரம் அங்கேயே விட்டு வந்தோம். இனி அவன் வகுப்புக்குள் போக வேண்டும். கோரிமேட்டில் அது அத்தனை சுலபமான காரியமன்று. 1823-இல் பிரெஞ்சு அரசாங்கத்தார் ஸ்தாபித்த வைத்தியப் பள்ளியின் வாரிசாக வந்து, 1964-இல் இப்போதைய பெயரைப் பெற்று, இன்று தேசிய முக்கியத்துவம் வாய்ந்த ஸ்தாபனமாக விளங்கும் ஜிப்மரின் விஸ்தாரமான வளாகத்தைப் பார்த்துக்கொண்டேதான், அதற்கு அருகே இந்திரா நகரில் 1990-இல் புதுச்சேரி அரசு தொடங்கிய மகாத்மா காந்தி பல் மருத்துவக் கல்லூரிக்கு நகரிலிருந்து வருகிறவன் தினந்தோறும் போய்வர வேண்டியிருக்கிறது. அதே நீட் தேர்வை எழுதி, சில மதிப்பெண்களில் எம்.பி.பி.எஸ். இடத்தைத் தவறவிட்டவனுடைய மனத்தை அந்த மதிற்சுவர் என்ன பாடு படுத்தும் என்பதை நான் விவரிக்க வேண்டியதில்லை. அடுத்த வருஷம் இன்னொரு தடவை எழுதிப் பார்த்துவிடுவது என்ற சங்கற்பத்தோடு, பன்னிரண்டாம் வகுப்பு உயிரியல் புத்தகத்தைப் பெட்டியின் அடியில் பத்திரப்படுத்திக்கொண்டு விடுதிக்கு வந்து சேர்கிறவர்கள் எந்தப் பல் மருத்துவக் கல்லூரியிலும் உண்டு. ஊரில் எதிர்ப்படும் உறவினர், "டாக்டருக்கா, பல் டாக்டருக்கா?" என்று விசாரிக்கிற தோரணை அந்தச் சங்கற்பத்தை இன்னும் சற்று உறுதிப்படுத்திவிடுகிறது.

இந்தத் தாழ்வெண்ணம் வேறெங்கு இருந்தாலும் புதுச்சேரியில் இருப்பது ஒரு விந்தையே. நவீன பல் வைத்தியத்தின் தந்தை என்று உலகம் கொண்டாடுகிற பியேர் ஃபோஷார் பிரெஞ்சுக்காரர். சிதறிக் கிடந்த பல் வைத்திய ஞானத்தையெல்லாம் ஒழுங்குபடுத்தி, இரண்டு பாகங்களாக அவர் பாரிஸில் வெளியிட்டது 1728-இல்; அதாவது, ஆனந்தரங்கப் பிள்ளை தம்முடைய தினசரிக் குறிப்பை எழுதத் தொடங்குவதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன்பு. பல்லைச் சொத்தையாக்குவது புழு என்று அதுவரை நிலவிய நம்பிக்கையை அவர் அந்த நூலிலேயே மறுத்துவிட்டார். அப்படியிருந்தும், பிரெஞ்சு ஆட்சி இங்கிருந்து விடைபெற்று முப்பத்தாறு ஆண்டுகள் கழிந்த பிறகே இந்த ஊருக்கு ஒரு பல் மருத்துவக் கல்லூரி வாய்த்தது. புற நோயாளிகள் வரிசையில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும் மூதாட்டி இன்றைக்கும், "பூச்சி அரிச்சிடுச்சு சார்" என்றுதான் முறையிடுகிறாள்.

அந்த முறையீட்டைப் புரிந்துகொள்வதே வகுப்பில் சிலருக்குப் புதுப் பாடம். புதுச்சேரி என்பது ஒரு நகரம் மட்டுமன்றி, நானூறு மைல்களுக்கு மேற்பட்ட இடைவெளியில் சிதறிக் கிடக்கும் நான்கு துண்டு நிலங்களின் பொதுப்பெயருமாக இருப்பதால், காரைக்கால் பையனுக்கு ஒரு பக்கம் மாஹேயிலிருந்து வந்த மலையாளப் பெண்ணும், மறு பக்கம் ஏனாமிலிருந்து வந்த தெலுங்குப் பையனும் உட்கார்ந்திருப்பது இங்கே சாதாரணம். "வாயைத் திறங்க", "கொப்பளிங்க", "வலிக்குதா?" என்ற மூன்றையும் கற்றுக்கொண்டால் தமிழில் பாதிக் கிணறு தாண்டியாயிற்று என்று சீனியர் அக்காமார் அவர்களுக்கு உபதேசம் செய்வார்கள். சீனியர்களிடமிருந்து உபதேசத்தைத் தவிர வேறெதுவும் வரக் கூடாது என்பதற்காக 2009-இல் கடுமையான விதிகள் பிறந்திருக்கின்றன. அதைப் பற்றி இங்கே விரித்துரைக்க எனக்கு விருப்பமில்லை.

பாடங்களைப் பார்த்தால் முதலாண்டுக்காரன் ஏமாந்துபோவான். பல்லைப் பற்றிப் படிக்க வந்தவனுக்கு முதலில் கிடைப்பவை உடற்கூறும், உடலியங்கியலும், உயிர்வேதியியலுமே. ஃபார்மலின் நெடி வீசும் அறையில் சவத்தின் கழுத்துத் தசைகளை ஒவ்வொன்றாக விலக்கிப் பார்ப்பதும், திசுக்களின் ஸ்லைடுகளைப் பார்த்து ரோஜா நிறத்திலும் ஊதா நிறத்திலும் பென்சிலால் வரைந்து ரெக்கார்டை நிரப்புவதும் எதற்கு என்று அவனுக்குச் சலிப்புத் தட்டும். கீழ்த்தாடை எலும்பின் உட்புறத்தில் ஒரு நரம்பு நுழைகிற துளையைத் தொட்டுக் காட்டச் சொல்லி ஆசிரியர் ஏன் அத்தனை பிடிவாதம் பிடித்தார் என்பது, மயக்க மருந்து ஊசியோடு ஒரு நோயாளியின் முன் அவனே நிற்கும்போதுதான் விளங்கும். அதற்கு இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறது.

உண்மையான சோதனை மெழுகில் இருக்கிறது. கைக்கு அடக்கமான நீள் சதுர மெழுகுக் கட்டி ஒன்று, லெக்ரான் கார்வர் என்ற மெல்லிய கருவி ஒன்று, ஓர் அளவுகோல். இவற்றைக் கொண்டு மனிதப் பல்லைச் சர்வ லக்ஷணங்களோடும் செதுக்கி எடுக்க வேண்டும். மேல்தாடைக் கோரைப்பல்லை எடுத்துக்கொள்வோம். சராசரியாக 27 மில்லிமீட்டர் நீளம். வாயில் நீளமான பல் இதுவே. அதில் நாம் காண்கிற மகுடம் 10, ஈறுக்குள்ளும் எலும்புக்குள்ளும் மறைந்துகிடக்கிற வேர் 17. கூரிய முனையிலிருந்து இறங்கும் இரண்டு சரிவுகளில் முகத்தின் நடுக்கோட்டை நோக்கியது குட்டையாகவும், மற்றது நெட்டையாகவும் இருக்க வேண்டும். அது மாறிவிட்டால் வலப்பல் இடப்பல்லாகிவிடும். கூடுதலாகச் சீவியதைத் திருப்பி ஒட்டுவது கூடாது. கோடைப் புழுக்கத்தில் மெழுகு கருவியோடு ஒட்டிக்கொண்டு வரும். கார்த்திகை மழையில் செதில் செதிலாய் உதிரும். இத்தனை பிரயாசைப்பட்டுக் கொண்டுபோய் நீட்டினால், ஆசிரியர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஒன்று-மூன்று கேட்டேன், இரண்டு-மூன்று கொண்டுவந்திருக்கிறாய்" என்பார். நோயாளியின் மேல் வலப்புறம் ஒன்று, மேல் இடப்புறம் இரண்டு, கீழ் இடம் மூன்று, கீழ் வலம் நான்கு என்று வாயை நான்காகப் பிரித்து, நடுவிலிருந்து பற்களை எண்ணிக்கொண்டு போகும் சர்வதேச முறை அது. பதின்மூன்று என்று யாராவது வாய் தவறிச் சொல்லிவிட்டால் வகுப்பு சிரிக்கும்.

பன்னிரண்டு வருஷப் பள்ளிப் படிப்பில் நம் பிள்ளைகளின் கைக்கு எழுதுவதைத் தவிர வேறு வேலை கொடுத்தோமா? தேர்வுத் தாளில் வட்டங்களைக் கறுப்பாக்குவதில் நிகரற்ற ஒருவன் இந்த மெழுகுக் கட்டியின் முன் கண் கலங்கி நிற்பதையும், மதிப்பெண் பட்டியலில் கடைசியாக வந்த இன்னொருவன் அநாயாசமாக முன்கடைவாய்ப் பல்லைச் செதுக்கிவிட்டு அடுத்த மேஜைக்காரனுக்கும் உதவப் போவதையும் எந்தக் கல்லூரியிலும் காணலாம். சுடுமண் சிற்பத்துக்குப் பேர்போன வில்லியனூரும், காகிதக்கூழ் பொம்மைக்குப் பேர்போன திருக்கனூரும் இந்தப் பிரதேசத்திலேயே இருக்கின்றன. அந்தத் தெருக்களில் மண்ணைப் பிசைந்து வளர்ந்த குழந்தையின் விரல்களுக்கு உள்ள அறிவை அளக்க எந்த நுழைவுத் தேர்வும் கேள்வி வைத்திருக்கவில்லை. வைத்தியத்தைவிடப் பல் வைத்தியம் ஒரு படி தாழ்ந்தது என்று நினைக்கிறவர்கள், கையையும் கண்ணையும் புத்தியையும் ஒருசேர இத்தனை கடுமையாகச் சோதிக்கிற வேறொரு முதலாண்டை எனக்குக் காட்டினால் நான் என் கட்சியை விட்டுவிடத் தயார்.

ஏழெட்டுப் பற்களைச் செதுக்கிய பிறகு மாணவனிடத்தில் ஒரு மாறுதல் தெரிகிறது. பேசுகிறவர்களின் கண்ணைப் பார்க்காமல் வாயைப் பார்க்கத் தொடங்குகிறான். பஸ்ஸில் எதிரே உட்கார்ந்திருக்கும் பெரியவருக்குப் பக்கப்பல் நடுவே சாய்ந்திருப்பது அவன் கண்ணை உறுத்துகிறது. பிடுங்கிய பற்களைப் படிப்புக்காகச் சேகரித்துச் சீசாவில் போட்டு வீட்டுக்கு எடுத்துப்போய் அம்மாவிடம் திட்டு வாங்குகிறான். மறுபடியும் நீட் வருகிறது. சிலர் எழுதுகிறார்கள், அவர்களில் ஓரிருவர் இடம் கிடைத்துப் போயும் விடுகிறார்கள். தங்கிவிட்டவர்களில் எத்தனை பேர் விரும்பித் தங்கினார்கள் என்று கணக்கெடுக்க முடியாதாயினும், உயிரியல் புத்தகத்தைப் பழைய புத்தகக் கடையில் போட்டுவிட்டு ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதிச் சந்தையில் கைக்குப் பொருத்தமான சிறு கத்தியைத் தேடி அலைகிறவன் எந்தப் பக்கம் சேர்ந்துவிட்டான் என்பது தெளிவு.

முதலாண்டிலேயே தொடங்கினாலும், பரீக்ஷை இரண்டாம் ஆண்டில்தானே என்று மாணவர்கள் அலட்சியம் செய்கிற ஒரு பாடம் இருக்கிறது: பிளாஸ்டரும் ரப்பர் கிண்ணமும் கலந்த பற்கட்டுப் பயிற்சி. அந்த அலட்சியத்தின் பலனை அடுத்த வாரம் பார்ப்போம்.