நரம்பு வலிக்கும் பாதத்துக்கு ஏற்ற ஓட்டக் காலணி

வலி பிறக்கும் இடம்

பாதத்தில் நீடிக்கும் நரம்பு வலி, எலும்பிலோ மூட்டிலோ அடிபட்டு எழும் வலியிலிருந்து தன்மையிலேயே வேறானது. உணர்வைக் கொண்டுசெல்லும் நரம்பு நசுங்கியோ ஊட்டம் குன்றியோ பழுதுபடும்போது, இல்லாத தீ சுடுவதாகவும் இல்லாத முள் குத்துவதாகவும் அது மூளைக்குச் செய்தி அனுப்புகிறது. 'பாதம் திகுதிகுவென்று எரிகிறது', 'கரண்ட் அடித்தாற்போல் சுண்டுகிறது', 'மதமதவென்று இருக்கிறது' என்று மக்கள் சொல்லும் மூன்றும் இவ்வலியின் வெவ்வேறு முகங்களே. இவற்றுக்கு வழக்கமான மூட்டுவலி மாத்திரைகள் பெரும்பாலும் பயன்படுவதில்லை என்பதால், பலர் மாதக்கணக்கில் அவற்றை விழுங்கிவிட்டு, பிறகு ஓடுவதையே கைவிட்டுவிடுகின்றனர்.

பட்டாசுத் தொழில் நடக்கும் விருதுநகர் மாவட்டத்து வெம்பக்கோட்டை வட்டாரத்தில் இவ்வலிக்குத் தொழில் சார்ந்த காரணமும் ஒன்று உண்டு. வெடிக் குழாய்க்குத் திரி வைத்தல், தீப்பெட்டி ஒட்டுதல் போன்ற வேலைகள் தரையில் சம்மணமிட்டோ குத்தவைத்தோ நெடுநேரம் செய்யப்படுபவை. முழங்காலின் வெளிப்புறத்தில், சிறிய எலும்பின் தலையைச் சுற்றித் தோலுக்கு வெகு அருகில் இறங்கும் நரம்பு அவ்வாறு மடக்கி அமரும்போது அழுந்துகிறது. அதன் விளைவாகப் பாதத்தின் மேற்புறம் மரத்துப்போவதும், அழுத்தம் முற்றினால் பாதத்தை மேலே தூக்க இயலாமல் விரல் தரையில் இடறுவதும் நேரும். பாதத்தில் தெரியும் கோளாறுக்கு வேர் முழங்காலில் இருக்கும் இத்தகைய நிலையில், எவ்வளவு விலையுயர்ந்த காலணியும் உதவாது. உட்காரும் முறையையும் இடைவேளையையும் மாற்றுவதே முதல் மருந்து.

எரியும் பாதமும் உணராத பாதமும்

காலணியைத் தேடுவதற்கு முன் தீர்த்துக்கொள்ள வேண்டிய கேள்வி, பாதம் வலியை மிகுதியாக உணர்கிறதா அல்லது உணர்வை இழந்துவிட்டதா என்பதாகும். இரண்டும் ஒரே பாதத்தில் ஒருங்கே இருக்கக்கூடும் என்பதுதான் இதிலுள்ள சிக்கல். சர்க்கரை நோயால் நரம்புகள் நலியும்போது இரவில் பாதம் எரிந்துகொண்டே இருக்க, பகலில் காலணிக்குள் கிடக்கும் சிறுகல் கூடத் தெரியாமல் போகலாம். நீண்டகால மதுப்பழக்கம், பி12 வைட்டமின் குறைபாடு, தைராய்டு சுரப்புக் குறைவு ஆகியவையும் இதே வகை நலிவைத் தரவல்லவை. சர்க்கரை நோய்க்கு உண்ணும் மெட்ஃபார்மின் மாத்திரையே நாளடைவில் பி12 அளவைக் குறைக்கக்கூடும் என்பதை நினைவில் வைத்தல் நன்று.

உணராத பாதத்துக்கான காலணி பற்றிய அறிவில் பெரும்பங்கு தமிழ்நாட்டில்தான் விளைந்தது. கொல்லிமலையில் 1914ஆம் ஆண்டு பிறந்து, 1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பணியேற்ற அறுவை மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் பாதப் புண்களுக்கு நோய்க்கிருமி நேர்க்காரணம் அன்று, வலி தெரியாததால் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப விழும் அழுத்தமே காரணம் என்று காட்டினார். அவரும் அவருடன் உழைத்தவர்களும் வேலூரிலும் அதனருகிலுள்ள கரிகிரியிலும் உருவாக்கிய காலணிகளில், நுண்ணிய காற்றறைகள் நிறைந்த மென்ரப்பர் உட்தகடாக அமைந்தது. நடப்பவரின் எடை ஒரு புள்ளியில் குவியாமல் பாதம் முழுவதும் பரவ அது வழிசெய்தது. அவ்வகைக் காலணிகளில் ஆணிகள் தவிர்க்கப்பட்டன, ஏனெனில் தேய்ந்த அடிப்பாகத்தைத் துளைத்து மேலெழும் ஆணியை உணர்வற்ற பாதம் அறியாது. பட்டாசுக் கொட்டகைக்குள் இரும்பு ஆணி அடித்த காலணி விலக்கப்பட்டிருப்பது தீப்பொறி அச்சத்தால். காரணம் வேறாயினும், ஆணியில்லாத செருப்பு என்பது இவ்வட்டாரத்துக்குப் புதிய செய்தி அன்று.

உணர்வைச் சோதிப்பது எளிது. பத்து கிராம் விசையில் வளையும் நைலான் இழையைப் பாதத்தின் சில இடங்களில் தொட்டும், 128 அதிர்வு எண்ணுடைய இசைக்கவையை விரல் எலும்பில் வைத்தும் மருத்துவர் சில நிமிடங்களில் கண்டறிந்துவிடுவார். இழையின் தொடுகையை உணராதவர் ஓட்டத்தை விரும்பினாலும், மருத்துவர் அனுமதிக்கும்வரை மிதிவண்டி போன்றவற்றோடு நிற்பதே தக்கது. ஆடி வெள்ளியில் இருக்கன்குடி கோயிலுக்குச் செருப்பின்றி நடக்கும் நேர்த்திக்கடனையும் அவர் வேறு வகையில் நிறைவேற்றிக்கொள்ள வேண்டும், ஏனெனில் வெயிலில் காய்ந்த தார்ச்சாலை கொப்புளம் எழுப்பிய பிறகுதான் அவருக்குத் தெரியவரும்.

அகலம் என்னும் மறந்த அளவு

உணர்வு நன்றாக இருந்து வலி மட்டுமே தடையாக இருப்பவர்கள் பொதுவாகத் தேடுவது மென்மையான காலணியை. இத்தேடல் பாதிதான் சரி. நசுங்கிய நரம்புக்கு முதலில் வேண்டியது இடம். மெத்தை அதன் பின்னர்தான். எத்தனை மெத்தென்ற காலணியாயினும் முன்பகுதி கூம்பியிருந்தால், விரலெலும்புகளின் தலைகள் ஒன்றையொன்று நெருக்கி நடுவிலுள்ள நரம்பைப் பிழியும்.

இந்தியப் பாதத்துக்கு இது சற்றுக் கூடுதலான துன்பம். நம் கடைகளில் புழங்கும் அளவு எண்கள் ஆங்கிலேயர் காலத்தில் வந்த முறையைச் சார்ந்தவை. சென்னையிலுள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை நாடெங்கும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரின் பாதங்களை முப்பரிமாணக் கருவியால் அளந்தபோது, இந்தியர் பாதம் ஐரோப்பியர், அமெரிக்கர் பாதங்களைவிடப் பொதுவாக அகலமானது என்று தெரியவந்தது. அதன் அடிப்படையில் 'பா' என்னும் புதிய அளவு முறையும் முன்மொழியப்பட்டது. அகலம் போதாமல் ஓர் எண் பெரிய ஷூவை வாங்கி, நீளத்தின் மிச்சத்தைக் கயிற்றை இறுக்கிச் சரிக்கட்டுவது நம்மிடையே பரவலான வழக்கம். நரம்பு வலியுள்ளவருக்கு அவ்விறுக்கமே இரண்டாவது நெரிப்பாகிவிடுகிறது.

ஆதலால் கடைக்குப் போகும்முன் வெள்ளைத் தாளின்மேல் முழு எடையோடு நின்று, பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்துப் பாதத்தின் விளிம்பை வரைந்துகொள்ள வேண்டும். கடையில் ஷூவின் உட்தகட்டை உருவி அவ்வரைபடத்தின்மேல் வைத்தால், எவ்விடத்தில் பாதம் தகட்டைத் தாண்டி வழிகிறது என்பது கண்ணெதிரே தெரியும். பெரும்பாலோருக்கு அது சுண்டுவிரல் பக்கமாகவே இருக்கும். நாள் முழுதும் நின்றோ அமர்ந்தோ வேலை செய்த பாதம் மாலையில் வீங்கியிருப்பதால், வாங்கும் நேரமும் மாலையாக இருத்தல் நலம். ஓடும்போது அணியும் அதே காலுறையோடு போட்டுப் பார்த்து, மிக நீண்ட விரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகலம் இடம் உள்ளதா என்று பார்க்க வேண்டும். பல குடும்பங்களில் அண்ணனின் பழைய ஷூ தம்பிக்கு இறங்குகிறது. பிறர் மிதித்து வளைந்த அடிப்பாகம் நரம்பு வலியுள்ள பாதத்துக்குப் பகை.

நரம்புக்கேற்ற தேர்வு

மூன்றாம் விரலுக்கும் நான்காம் விரலுக்கும் இடையே, சுருண்ட காலுறையையோ கூழாங்கல்லையோ மிதிப்பதுபோல் தோன்றி, ஷூவைக் கழற்றியதும் தணியும் வலி, 1876ஆம் ஆண்டு அதை விவரித்த அமெரிக்க மருத்துவர் தாமஸ் மார்ட்டனின் பெயரால் மார்ட்டன் நரம்புத் தடிப்பு எனப்படுகிறது. இதற்கு அகன்ற முன்பகுதி, தாழ்ந்த குதிகால், முன்பாதத்தில் எளிதில் மடங்காத சற்று விறைப்பான அடிப்பாகம் ஆகிய மூன்றும் வேண்டும். உள்ளே வைக்கும் சிறு குமிழ்த்திண்டு விரலெலும்புத் தலைகளுக்குச் சற்றுப் பின்னால் அமைய வேண்டும். வலிக்கும் இடத்துக்கு நேர் கீழே வைத்தால் நரம்பை அதுவே குத்தும். பலர் திண்டு பயனற்றது என்று எறிந்துவிடுவதற்கு இந்த ஒரு விரற்கடைத் தவறே பெரும்பாலும் காரணம்.

உள் கணுக்காலுக்குப் பின்னுள்ள குறுகிய பாதையில் அழுந்தும் நரம்போ உள்ளங்கால் முழுதும் எரிச்சலைப் பரப்பும். பாதம் உள்நோக்கிச் சரிபவர்களுக்கு இது கூடுதலாக நேர்வதால், குதிகாலை உறுதியாகப் பிடிக்கும் ஷூ உதவும். ஆனால் வளைவைத் தூக்கிப் பிடிக்கும் கடினமான தாங்கி சிலருக்கு அந்நரம்பின் கிளைகளையே அழுத்துவதால், முதலில் மென்மையான தாங்கியைச் சோதித்துப் பார்ப்பது முறை. குதிகால் வலி எல்லாமே உள்ளங்கால் சவ்வின் அழற்சி என்று முடிவு கட்டுவதும் பிழை. குதிகாலருகே ஓடும் சிறு நரம்பும் அதே வலியைத் தரும்.

பாதத்தின் மேற்புறத்தில் சுருக்கென்று தைத்து, பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் இடையே மரத்துப்போனால் குற்றவாளி பெரும்பாலும் கயிறே. வலிக்கும் இடத்துக்கு நேரான கண்களை விட்டுவிட்டு அடுத்த கண்ணில் கோத்தாலே சிலருக்கு வலி நின்றுவிடும். செலவே இல்லாத வைத்தியம் என்பதாலோ என்னவோ இது மிகக் குறைவாகச் சொல்லப்படுகிறது. வெறுங்கால் ஓட்டத்தைப் புகழும் மெல்லிய காலணிகளின் அண்மைக்கால மோகம் முன்பாத வலியுள்ளோருக்கு ஏற்றதன்று, ஏனெனில் அவற்றில் ஓடுபவர் முன்பாதத்தில் இறங்கவே தலைப்படுவர்.

மீண்டும் ஓடுதல்

காவலர் தேர்வுக்காக 1500 மீட்டரை ஏழு நிமிடத்துக்குள் ஓட வேண்டிய இளைஞருக்கும், சர்க்கரையைக் கட்டுப்படுத்த ஓடும் நடுவயதினருக்கும் தொடக்கம் ஒன்றே. புதிய ஷூவை முதலில் வீட்டுக்குள் அணிந்து பழக்கி, பிறகு சில நிமிட நடைக்கு ஒரு நிமிட ஓட்டம் என்று கலந்து தொடங்கி, அடுத்த நாள் காலை வலி முன்பிருந்த அளவுக்குத் திரும்பியிருந்தால் மட்டுமே கூட்டிக்கொண்டு போகலாம். கோடையில் வெடித்த கரிசல் நிலமும் சரளைப் பாதையும் பாதத்தைப் பக்கவாட்டில் முறுக்குவதால், முதல் வாரங்களில் சமமான மண்பாதையே உகந்தது.

ஒவ்வோர் ஓட்டத்துக்குப் பின்னும் உள்ளங்காலைக் கண்ணாடியில் பார்த்து, புறங்கையால் தொட்டு இரு பாதங்களின் சூட்டையும் ஒப்பிட வேண்டும். ஓய்வுக்குப் பிறகும் ஓரிடம் மட்டும் சூடாக இருப்பது, புண் வருமுன் உடல் தரும் அறிவிப்பு. பாதம் தொங்குதல், தசை மெலிதல், ஆறாத புண், தோலில் உணர்வற்ற வெளிறிய தேமல் ஆகியவற்றில் ஏதேனும் தென்பட்டால் ஓட்டத்தை நிறுத்திவிட்டு, விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற இடத்தில் நரம்பு மருத்துவரைக் காண வேண்டும். அங்கு செய்யப்படும் நரம்புக் கடத்தல் சோதனை இயல்பாக வந்தாலும் வலி பொய்யென்று ஆகிவிடாது, ஏனெனில் மிக நுண்ணிய இழைகளின் கேடு அச்சோதனையில் தெரிவதில்லை.

கொட்டகை வாசலில் கழற்ற வேண்டியது

இவ்வட்டாரத்துக்கென்று ஓர் எச்சரிக்கை உண்டு. ஓட்டக் காலணியின் நுரையும் ரப்பரும் மின்சாரத்தைக் கடத்தாதவை. அவற்றை அணிந்து நடப்பவரின் உடலில் உராய்வால் சேரும் நிலைமின்சாரம் தரைக்கு இறங்க வழியின்றித் தேங்கும். வெடிமருந்து கலக்கும் இடத்தில் அதன் ஒரு பொறி போதும். விடியற்காலை ஓடிவிட்டு நேரே 'பயர் ஆபீஸ்' எனப்படும் பட்டாசுத் தொழிற்சாலைக்கு வேலைக்குச் செல்பவர், கால் வலிக்கு நல்லது என்று கருதி அதே ஷூவோடு வெடிமருந்து அறைக்குள் நுழையக் கூடாது. அதை வாசலுக்கு வெளியே விட்டுவிட்டு, தொழிற்சாலை அனுமதிக்கும் முறையிலேயே உள்ளே செல்ல வேண்டும். பாதத்தில் உணர்வு குறைந்தவர் தம் நிலையை மேற்பார்வையாளரிடம் முன்கூட்டியே தெரிவித்து, தமக்கேற்ற பணியிடத்தைக் கேட்டுப் பெறலாம்.