உங்களுக்குத் தெரியுமா? கடல் கன்னியரும் காதல் தெய்வங்களும்

கிரேக்கப் புராணத்தில் வரும் கடல் கிழவர் நீரியஸுக்குப் பெண் பிள்ளைகள் மட்டும் 50 பேர். அகில்லிஸைப் பெற்ற தீட்டிஸும், கடலரசன் பொசைடன் கைப்பிடித்த அம்ஃபிட்ரைட்டியும் இந்த வீட்டுப் பெண்கள்தாம். இன்னொரு நீர்த்தெய்வமான ஓசியானஸின் மகள்கள் 3,000 பேர் என்கிறார் புலவர் ஹீசியட். ஐந்தாறு பெண்களைக் கரையேற்றவே நம்மூர்த் தகப்பன்மார் படும் பாடு தெரியும்தானே!

கப்பல் உடைந்து தத்தளித்த ஒடிசியஸுக்குக் கைகொடுத்தவள் லியூக்கோத்தியா. மனிதப் பெண்ணாகப் பிறந்து, கடலில் பாய்ந்து, தெய்வமானவள். தன் முக்காட்டைக் கொடுத்து மார்பில் கட்டிக்கொள்ளச் சொன்னாள். கரை சேர்ந்ததும் திரும்பிப் பார்க்காமல் அதைக் கடலிலேயே எறிந்துவிட வேண்டும் என்பது ஒப்பந்தம்.

நம்மிடமும் அப்படி ஒருத்தி உண்டு, மணிமேகலா தெய்வம். மரக்கலம் உடைந்து கடலில் மிதந்த கோவலனின் முன்னோர் ஒருவரை அவள் காப்பாற்றினாள். அந்த நன்றிக்காகவே கோவலன் தன் மகளுக்கு மணிமேகலை என்று பெயரிட்டதாகச் சிலப்பதிகாரம் சொல்கிறது. பின்னர் அதே மகளை உறங்கும்போது புகாரிலிருந்து மணிபல்லவத் தீவுக்குத் தூக்கிச் சென்றதும் இந்தத் தெய்வந்தான். அந்தத் தீவு நம் நயினாதீவே என்பார் பலர்.

ஆனால் அவள் வெறும் சாந்த சொரூபி அல்ல. சோழன் இந்திர விழாவை மறந்தபோது புகாரைக் கடல் கொண்டதற்கு அவளது சாபமும் ஒரு காரணம் என்கிறது மணிமேகலைக் காப்பியம். ஒருவனைக் கரை சேர்த்தவள் ஒரு நகரத்தையே மூழ்கவிட்டாள். எனக்கு லியூக்கோத்தியாவைவிட இவளைத்தான் பிடிக்கிறது. கடலின் குணம் அப்படியே இருக்கிறது.

தாய்லாந்தில் மின்னல் வெட்டினால், அங்கே மேகலா எனப்படும் இவள் தன் மணியைச் சுழற்றுகிறாள் என்பார்கள். ராமசூரன் என்ற அசுரன் அவள்மேல் கோடரி எறிவதுதான் இடி.

பாடி மயக்கிக் கப்பல்களைக் கவிழ்த்த சைரன்களை மீன்வால் அழகிகளாக நினைத்திருந்தால் மாற்றிக்கொள்ளுங்கள். பழைய கிரேக்க ஓவியங்களில் அவர்களுக்குப் பறவை உடல், பெண் முகம். பாடும் மீனுக்கு நாம் மட்டக்களப்புக்குப் போனால் போதும். கல்லடிப் பாலத்தடியில், நிலவு இரவில், துடுப்பின் ஒரு நுனியை வாவியில் விட்டு மறுநுனியைக் காதோடு வைத்துக் கேட்பார்கள்.

காதல் தெய்வம் அஃப்ரொடைட்டி கடல் நுரையில் பிறந்து சைப்பிரஸில் கரையேறியவள். அவள் மகன் ஈரோஸ் டால்பின்மேல் ஏறி வருவதாகக் கிரேக்கக் கலைஞர்கள் வரைந்தார்கள். நம் மன்மதனுக்கு ஏறிவரக் கிளி. கடல் வாசம் அவனையும் விடவில்லை: அவன் கொடியில் இருப்பது மகரமீன்.

அந்த மன்மதன் இலங்கை மலையகத் தோட்டங்களில் ஆண்டுதோறும் எரிகிறான். மாசி மாத வளர்பிறையில் காமன் ஊன்றி, இரவுகளில் தப்பு முழங்க ரதி மன்மதன் கல்யாணம் நடக்கும். சேலை கட்டி ரதியாக வருபவர் பெரும்பாலும் ஆண்தான். நேர்த்தி வைத்து வேடம் கட்டுவோரும் உண்டு. சிவன் தவத்தைக் கலைக்கப் போகாதே என்று ரதி மன்றாடுவாள். அவன் கேட்கமாட்டான். நெற்றிக்கண் திறந்து தகனம் முடிந்ததும் ரதி ஒப்பாரி வைக்க, பார்த்து நிற்கும் பெண்களும் கண்ணைத் துடைப்பார்கள். பகலெல்லாம் கொழுந்து எடுத்துக் களைத்தவர்களும் விடிய விடிய அங்கேதான் இருப்பார்கள்.

எரிந்தவனுக்குச் சிவன் உயிர் கொடுக்கிறார், ஒரு நிபந்தனையோடு: ரதியின் கண்ணுக்கு மட்டுமே தெரிவான். ஈரோஸ் கதையில் இது தலைகீழ். அவன் மனைவி சைக்கியிடம் இருட்டில் மட்டும் வருவான். முகம் பார்க்கக் கூடாது என்பது கட்டளை. ஒருநாள் விளக்கேற்றிப் பார்த்துவிட்டாள். எண்ணெய்த் துளி தோளில் சுட, அவன் பறந்துவிட்டான்.

மாத்தளை மாவட்டத்து வஹகோட்டையில் கடலே இல்லை. ஆனால் அங்கே கோயில் கொண்டிருக்கும் புனித அந்தோனியாருக்குக் கடலும் தெரியும், காதலும் தெரியும். மனிதர்கள் காது கொடுக்காதபோது இத்தாலியின் ரிமினி கரையில் மீன்களுக்குப் பிரசங்கம் செய்தார் என்பது அவரைப் பற்றிய கதை. அவர் பிறந்த ஊர் லிஸ்பன். போர்த்துக்கேயருக்கு அவர் கல்யாணம் கூட்டிவைக்கும் புனிதர். மாப்பிள்ளை கிடைக்கும்வரை சொரூபத்தைத் தலைகீழாக நிறுத்தும் குமரிகளும் அங்கே இருந்தார்கள்! அவர் திருநாள் ஜூன் 13. பிரேசில்காரர்கள் காதலர் தினம் கொண்டாடுவது பெப்ரவரி 14இல் அல்ல, அந்தோனியார் திருநாளுக்கு முந்தைய நாளான ஜூன் 12இல்.