கல்யாணப் பூசையில கொடுக்குற அப்பம்... நாமளும் வாங்கலாமா?

கத்தோலிக்க ஃப்ரெண்டுக்குக் கல்யாணம். பூசை நடுவுல எல்லாரும் வரிசையா போய், வட்டமா, மெல்லிசா ஒரு அப்பம் வாங்குறாங்க. நாமளும் போகலாமா?

கொஞ்சம் பொறுங்க!

கடைசி இரவு உணவில், அப்பத்தைத் தன் உடல் என்று சொல்லிச் சீடர்களுக்குக் கொடுத்தார் இயேசு. அதை எப்படிப் புரிஞ்சுக்கிறதுங்கிறதுலதான் பிரிவே.

கத்தோலிக்கர்: குரு அர்ச்சித்ததும் அது இயேசுவின் உடலாகவே மாறுகிறது. பார்வைக்கும் ருசிக்கும்தான் அப்பம்.

லூத்தரன்: அப்பம் மாறாது. ஆனால், அதோடு இயேசுவின் உடலும் உண்மையாகவே இருக்கிறது.

பாப்டிஸ்ட் போன்ற சபைகளில் பலர்: அது ஓர் அடையாளம், நினைவுகூரல்.

1529-ல் ஜெர்மனியின் மார்பர்க் கோட்டையில் மார்ட்டின் லூதரும், சுவிட்சர்லாந்தின் ஸ்விங்லியும் ஒன்றுசேரப் பேசினார்கள். 15 விஷயங்களில் 14-ல் ஓகே. அப்பத்தில் இயேசுவின் உடல் இருக்கா என்பதில் மட்டும் முட்டிக்கிச்சு. சேராமலே கிளம்பிட்டாங்க!

கத்தோலிக்கக் கோயிலில் அப்பம் வாங்கினா, 'நானும் இதை நம்புறேன்'னு அர்த்தம். அதனால பொதுவா கத்தோலிக்கருக்கு மட்டும்தான். மனைவி வேற சபைன்னா, கணவர் மட்டும் எழுந்து போற நிலை இன்னிக்கும் இருக்கு.

நீங்க உட்கார்ந்தே இருங்க. யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க. பிரியாணியை மட்டும் மிஸ் பண்ணிடாதீங்க!