பென்சில் கரியும் பரீட்சை யந்திரமும்

மலேசியாவின் கிள்ளானில் ஒரு தமிழ்ப்பள்ளியின் ஆறாம் ஆண்டு வகுப்புக்குப் பல வருஷங்கள் பாடம் சொன்ன எனக்கு, அவ்வகுப்பு எழுதிய யூபிஎஸ்ஆர் அரசாங்கப் பரீட்சை என்றதும் முதலில் நினைவுக்கு வருவது வினாத்தாள் அன்று; பரீட்சைக்கு முந்திய வெள்ளிக்கிழமை, கோயில் அர்ச்சனைத் தட்டில் தேங்காய்க்கும் வெற்றிலைக்கும் நடுவே குங்குமம் இட்டு வைத்திருந்த 2பி பென்சில்கள்தாம்.

பேனா ஆகாது, 2பி பென்சிலே வேண்டும் என்று நாங்கள் வற்புறுத்தியதற்குக் காரணம் விடைத்தாளைப் படிக்கும் யந்திரத்தின் இயல்பிலேயே இருந்தது. விடைக்குரிய இடத்தைப் பென்சிலால் தீட்டும் ஓஎம்ஆர் தாளின் ஓரத்தில் ஏணிப்படிபோல் வரிசையாக அச்சிட்ட கருங்கோடுகளைக் கொண்டு யந்திரம் வரிசையை அறிகிறது; பிறகு தாளின்மீது ஒளியைப் பாய்ச்சி, எந்த இடத்திலிருந்து வெளிச்சம் குறைந்து திரும்புகிறதோ அதுவே வித்தியார்த்தி தீட்டிய விடை என்று கொள்கிறது. இவ்வகை யந்திரங்கள் பலவும் கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு ஒளியையே பயன்படுத்துகின்றன. பேனா மைகளிற் பல அவ்வொளியைப் பற்றாமல் விட்டுவிட, பென்சிற் கரியோ அதை விழுங்கிவிடுகிறது.

இந்த யந்திரத்தின் பூர்வ சரித்திரத்திலும் ஓர் ஆசிரியரே நிற்கிறார். அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்துப் பள்ளியாசிரியர் ரெனால்ட் ஜான்சன், சிறுவயதில் தம் அக்காமார்களைத் தேடிவரும் வாலிபர்களின் கார்களில் ஸ்பார்க் பிளக்மீது பென்சிலால் கீறிவிட்டு, வண்டி கிளம்பாமல் அவர்கள் திண்டாடுவதைக் கண்டு களித்தவராம். பென்சிற் கரியில் மின்சாரம் பாயும் என்ற அந்தச் சூட்சுமத்தையே அவர் பின்னாளில் பரீட்சைத் தாளுக்குப் பிரயோகிக்க, 1930களின் பிற்பகுதியில் ஐபிஎம் நிறுவனம் அதை யந்திரமாக்கி வெளியிட்டது. மின்சாரத்தின் வேலையை ஒளிக்குக் கொடுத்தவர், 1950களில் அயோவா பல்கலைக்கழகப் பேராசிரியர் லிண்ட்குவிஸ்ட்.

1988-இல் யூபிஎஸ்ஆர் ஆரம்பமான நாளிலிருந்து, தோட்டத்துப் பால்மரத் தொழிலாளியின் பிள்ளைக்கும் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியில் வசிக்கும் உத்தியோகஸ்தரின் பிள்ளைக்கும் பட்சபாதமின்றி ஒரே ஒளியைப் பாய்ச்சிய அந்த யந்திரத்தை நான் மனப்பூர்வமாக மதிக்கிறேன். ஆனால் எங்கள் வகுப்பில் அந்த யந்திரம் இல்லை. பழைய நாட்காட்டி அட்டையில் சரியான விடைகளுக்கு நேரே ஓட்டையிட்டு, அதைத் தாளின்மீது பொருத்தி, ஓட்டைக்குள் கறுப்புத் தெரிகிறதா என்று பார்த்தே நான் மாதிரித் தேர்வுகளைத் திருத்தினேன். ஒருமுறை, கணக்கில் கெட்டிக்காரனான ஒரு பையனின் தாளில் பதினாறாம் வினா வரை ஒவ்வோர் ஓட்டையும் கறுத்திருக்க, அதற்குக் கீழே அநேகமாக எல்லாம் வெறும் வெள்ளையாக இருந்தன. அட்டையை ஒரு வரிசை மேலே நகர்த்தினேன். பதினெட்டு முதல் அத்தனை ஓட்டைகளும் கறுத்தன. பதினேழாம் வினாவைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தாண்டியவன், பதினெட்டின் விடையைப் பதினேழின் வரிசையில் தீட்டி, அப்படியே கடைசி வரை போயிருக்கிறான். யந்திரம் அட்டையை நகர்த்திப் பார்க்காது. நகர்த்துவது நியாயமும் ஆகாது. நகர்த்திப் பார்த்துப் பிள்ளைக்கு எடுத்துச் சொல்ல வேண்டியது வகுப்பாசிரியரின் கடமை.

2021-இல் யூபிஎஸ்ஆர் ரத்தாயிற்று. 2022-இல் மூன்றாம் படிவத்துப் பரீட்சையான பிடி3-யும் போயிற்று. பன்னிரண்டு வயதுக் குழந்தையின் தலையிலிருந்து அந்தப் பாரம் இறங்கியதில் எனக்குச் சந்தோஷமே. ஆயினும், அரசாங்கப் பொதுப் பரீட்சையின் ஓஎம்ஆர் தாளை நம் பிள்ளை முதன்முதலாகக் கையில் வாங்குவது அப்போது ஐந்தாம் படிவத்து எஸ்பிஎம்மில்தான் என்றாயிற்று. பதினேழாவது வயதில், மேற்படிப்புக்கு வழிவிடும் பரீட்சையிலேயே அது முதல் பழக்கமாக இருக்கலாகாது என்பது என் அபிப்பிராயம்.

ஆகையால், பிரிக்பீல்ட்ஸிலுள்ள என் மகள் வீட்டுக்குப் போகும் சனிக்கிழமைகளில், பேத்தியை மேசையருகே உட்கார்த்தி, நாற்பது சரித்திர வினாக்களுக்கு விடை தீட்டச் சொல்கிறேன். அளவுகோலை வரிசைக்குக் கீழே வைத்து, வினா எண்ணை வாய்விட்டுச் சொல்லித் தீட்டுகிறாள். “தாத்தா, இருபத்திரண்டு தெரியல, விட்டுட்டேன்” என்கிறாள். அளவுகோல் ஒரு வரிசை கீழே இறங்கிவிட்டதா என்று மட்டும் எட்டிப் பார்த்துக்கொள்கிறேன்.