கைவழி வந்தவை – 14: கட்டையில் ஏறிய ஜிகினா

சீனக் காகித வெட்டைப் பற்றிச் சென்ற வாரம் எழுதிவிட்டு இப்போது செஞ்சிக்கு வந்திருக்கிறேன். ஷான்சி மாகாணத்துப் பாட்டிமார்கள் கோடுகூடப் போடாமல் சிவப்புக் காகிதத்தில் பூவும் மீனும் கத்தரித்து, வசந்த விழாவுக்கு ஜன்னலில் ஒட்டுவதைப் பார்த்தோம். பெரும்பாலும் தாயிடம் மகள் கற்கிற வேலை. 2009இல் யுனெஸ்கோ பட்டியலிலும் ஏறிவிட்டது.

செஞ்சிச் சீமையில் காகிதம் ஏறுவது கூத்துக்காரர் உடம்பின்மேல். துரியோதனன், கர்ணன் போன்ற பெரிய வேஷங்களுக்குக் கிரீடம், புஜக்கட்டை, மார்புக்கட்டை எல்லாம் மரத்தில் செய்தவை. தெருக்கூத்துக்குக் கட்டைக்கூத்து என்ற பெயரும் அதனால்தான். மரம் கல்யாண முருங்கை. விடிய விடியத் தலையிலும் தோளிலும் சுமந்து, கிறுக்கி அடித்துச் சுழல வேண்டுமே, கனத்த மரம் ஆகுமா? பலகையாக அறுத்துக் காயவைத்துச் செதுக்கி, அதன்மேல் வண்ணம் பூசி, ஜிகினாக் காகிதத்தைப் பூவும் கொடியுமாகக் கத்தரித்து ஒட்டி, இடையிடையே கண்ணாடிச் சில்லுகளைப் பதிப்பார்கள். பல ஜமாக்களில் இதற்கென்று தனி ஆசாரி கிடையாது. ஆடுகிறவரே செய்வார், பையன் பக்கத்தில் உட்கார்ந்து பசை தடவுவான். அங்கே தாய், மகள். இங்கே அப்பா, பிள்ளை.

பகலில் அந்தக் கிரீடத்தைக் கையில் எடுத்துப் பார்த்தால் ஏமாற்றமாகத்தான் இருக்கும். வெட்டில் நயம் போதாது, ஓரங்கள் பிசிறடிக்கும். கிட்டத்தில் பார்ப்பதற்கென்று செய்ததில்லை அது. திரையைப் பிடித்துக்கொண்டு இருவர் நிற்க, திரைக்கு மேலே முதலில் கிரீடம் மட்டும் தெரியும். கடைசி வரிசைக் கிழவிக்கும் அது துரியோதனன் என்று தெரிந்தாக வேண்டும். தீவட்டி ஒளியிலும் பிறகு பெட்ரோமாக்ஸ் ஒளியிலும் ஆடி ஆடி வந்த கலை. ட்யூப்லைட்டின் தட்டை வெளிச்சத்தில் அந்த மினுக்கு பாதிதான் என்பது என் அபிப்பிராயம்.

இந்தப் பாரதக் கூத்தோடு பிணைந்தது திரௌபதி வழிபாடு; செஞ்சிக்குப் பக்கத்து மேலச்சேரியில் உள்ள திரௌபதி அம்மன் கோயிலை அதன் மூலத்தலமாகப் பக்தர்கள் சொல்கிறார்கள். அமெரிக்க ஆய்வாளர் ஆல்ஃப் ஹில்டெபைட்டெல் அவ்வழிபாட்டைப் பற்றி 1988இல் வெளியிட்ட நூலின் தலைப்பிலேயே செஞ்சியிலிருந்து குருக்ஷேத்திரம் வரை என்று வைத்தார். செஞ்சிக் கோட்டைக்கும் 2025இல் உலகப் பாரம்பரியத் தகுதி வந்துவிட்டது. பட்டியலான 12 மராட்டியக் கோட்டைகளில் மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருப்பது இது ஒன்றுதான். கூடியாட்டமும் முடியேற்றும் இடம்பெற்ற யுனெஸ்கோ கலைப் பட்டியலில் தெருக்கூத்து இல்லை.

இல்லாவிட்டால் போகட்டும். கல்லுக்குக் காவல் போதும். ஜிகினாவுக்கு வேலை வேண்டும். வியர்வையும் பனியும் பட்டு ஒரு பருவத்துக்குள் அது மங்கி உரிந்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கூத்து ஓய்ந்திருக்கும்போது பழசைச் சுரண்டிப் புதிதாக ஒட்டுவார்கள், வரும் பங்குனி, சித்திரைப் பாரதக் கூத்தை நம்பி. பத்து ராத்திரி கூத்து வைத்த ஊர் ஒரே ராத்திரிக்கு இறங்கி, மிச்சப் பணத்தைப் பாட்டுக் கச்சேரிக்குக் கொடுத்தால், பழைய கட்டையே இன்னும் இரண்டு வருஷம் ஓடும். பசை தடவும் பையனுக்கும் வேலை இராது.

அப்படியும் ஐந்து தலைமுறையாகக் கூத்தை விடாத தம்பிரான் குடும்பத்தைப் பார்க்க அடுத்த வாரம் புரிசைக்குப் போவோம்.

(தொடரும்)