வெற்றிடத்தின் வேலை – 9: பட்டில் தொங்கிய மின்சாரம்

கெப்பாசிட்டரின் இரு தகடுகளுக்கு நடுவே வைக்கும் காப்புப் பொருள்களில், போன வாரம் மைக்காவில் நிறுத்தினேன். காற்று மில்லிமீட்டருக்குச் சுமார் 3,000 வோல்ட் தாங்கும், மைக்கா அதைப்போலப் பல மடங்கு தாங்கும். இந்த வாரம் வெற்றிடக் கெப்பாசிட்டர் என்று சொல்லியிருந்தேன். குறுக்கே பட்டு வந்துவிட்டது.

1729 ஜூலை 2. இங்கிலாந்தில் கென்ட் பகுதி, கிரான்வில் வீலரின் ஆட்டர்டன் மாளிகை. அங்கே விருந்தாளியாக வந்தவர் ஸ்டீபன் கிரே. துணிக்குச் சாயம் போடும் தொழிலில் வளர்ந்தவர். காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துச் சாயப்பட்டறையில் பிறந்திருக்க வேண்டிய மனிதர்! கண்ணாடிக் குழாயைத் தேய்த்து, அதில் பிறந்த மின்னைச் சணல் கயிறு வழியே தந்தப் பந்துக்கு அனுப்பப் பார்த்தார். கயிற்றை எதில் தொங்கவிடுவது? பட்டு நூலில் என்றார் வீலர். நூல் மெல்லியது, அதன் வழியே மின் அதிகம் ஒழுகாது என்பது கணக்கு. மின் எண்பதரை அடி தாண்டிப் போனது; பந்து தகட்டுத் துணுக்கை இழுத்தது.

கயிற்றை நீட்ட நீட்டப் பாரம் தாங்காமல் பட்டு அறுந்தது. அதற்குப் பதில் மெல்லிய பித்தளைக் கம்பியைக் கட்டினார்கள். துணுக்கு அசையவே இல்லை. மெலிவு காரணமில்லை, பொருள்தான் காரணம்! கடத்துவது எது, தடுப்பது எது என்ற பிரிவு அந்த அறுந்த நூலில் தெளிவானது. இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. வாலாஜாபாத்தில் தறிச் சத்தத்துக்கு நடுவில் வளர்ந்தவனுக்கு எப்படி வரும்?

அசல் ஜரிகையைப் பாருங்கள். பட்டு நூலின்மேல் தட்டை வெள்ளிக் கம்பியைச் சுற்றித் தங்கமுலாம் பூசுகிறார்கள். காப்பின்மேல் கடத்தி. சேலையை மடிக்கும்போது இரண்டு ஜரிகைப் பரப்புக்கு நடுவே வெறும் பட்டு அகப்பட்டால், அது ஒரு கெப்பாசிட்டர்தான்.

நானும் செய்து பார்க்க, பக்கத்துத் தறி வீட்டு அண்ணனிடம் முறுக்கிய பட்டு ஒரு முழம் கேட்டேன். "எதுக்கு தம்பி, கெப்பாசிட்டருக்கா?" என்றார், இந்தத் தொடரை வாராவாரம் படிப்பவர். அலுமினியத் தாள் உருண்டையை அதில் தொங்கவிட்டு மின்னேற்றினேன். காய்ந்த பகலில் மின் நெடுநேரம் நின்றது. மழை பெய்த மறுநாள் நொடியில் போய்விட்டது. பட்டு ஈரம் குடிக்கும். சாதாரண ஈரப்பதத்திலேயே தன் உலர்ந்த எடையில் சுமார் 11 சதவீதம் தண்ணீரை வைத்திருக்கும். மழைக்காலத்தில் தெருவில் பாவு நீட்ட முடியாமல் தவிப்பவர்களுக்கு ஈரத்தின் குணத்தை நான் சொல்ல வேண்டியதில்லை. சென்னையில் 1924-ல் ரேடியோ கிளப் ஒலிபரப்புத் தொடங்கிய காலத்தில், சுருள்களுக்குப் பட்டோ பருத்தியோ சுற்றிய செம்புக் கம்பி பரவலாகப் பயன்பட்டது. அதன்மேல் மெழுகோ அரக்கோ பூசியதும் இந்த ஈரத்துக்குப் பயந்துதான்.

வெற்றிடத்துக்கு அந்தப் பயமில்லை. நனைய ஒன்றுமில்லை, கருக ஒன்றுமில்லை. உள்ளே ஒருமுறை பொறி பாய்ந்தாலும் பெரும்பாலும் தானே சரியாகிவிடும். மைக்காவின் இடத்தில் வெற்றிடம் இருந்தால் கொள்ளளவு ஆறில் ஒரு பங்குக்குக் குறைந்துவிடும் என்பதுதான் அதற்கு நாம் கொடுக்கும் விலை.

ஆனால் அரைகுறை வெற்றிடம் ஆபத்து. சாதாரணக் காற்றில் ஒரு சென்டிமீட்டர் இடைவெளியைப் பொறி தாண்டச் சுமார் 30,000 வோல்ட் வேண்டும். காற்றை ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் கொஞ்சம் கீழே உறிஞ்சிவிட்டால், ஏறக்குறைய 330 வோல்ட் போதும். 1889-ல் பாஷன் என்ற இயற்பியலாளர் இதன் விதியைக் கண்டார். அவரையும், செம்புக் கிண்ணங்களை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிய வெற்றிடக் கெப்பாசிட்டரையும் அடுத்த வாரம் பிரித்துப் பார்ப்போம்.